கடைசி பெஞ்சில் ஓர் அப்பா

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்து, ஸ்கூலில் சட்டத்தைச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் மேடம் என்று வருத்தப்பட்டார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பள்ளியால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. "சரிங்க மேடம், அப்படியே செஞ்சிடறோம்" என்று உடனே தலையாட்டும் பள்ளியைக் கண்டுதான் நான் பயந்திருக்கிறேன்.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் புதிதாகப் போட்டிருக்கும் சிறப்பாசிரியர்கள் நீங்கள். கல்வி உரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருப்பீர்கள். பயிற்சியில் பிரியாணி போட்டு, ஒரு பையும் கொடுத்திருப்பார்கள். பையின் ஜிப் ஒரு மாதத்தில் போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள். இதே வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கும் பழக்கம் வேலையில் இருந்தபோதும் எனக்குக் கிடையாது, இப்போது புதிதாக எப்படி வரும்? அதனால் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

சின்னது வில்லியனூர்ப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நடந்தது. அங்கே ஒரு பையனுக்குக் கவனக்குறைபாடு. ஓர் இடத்தில் உட்கார மாட்டான். அப்போது எனக்கு மேலே இருந்த அதிகாரி ரொம்பவும் கறாரான மனிதர். தலைமையாசிரியரைக் கூப்பிட்டு, அந்தப் பையன் அவ்வப்போது எழுந்து நடமாட இடம் கொடுக்க வேண்டும், இது அவனுடைய உரிமை, மறுத்தால் நடவடிக்கை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தலைமையாசிரியர் அரசாங்கத்துக்கு ரொம்பவும் பயந்தவர். மறுநாளிலிருந்து அதற்கென்று ஒரு மணி அடிக்க ஆரம்பித்தார். மணி அடித்தால் பள்ளி முழுக்க எழுந்து நிற்க வேண்டும், கையைக் காலை உதற வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம். கேட்டுக்கு வெளியே மாங்காய் விற்கும் அம்மா இன்டர்வெல் என்று நினைத்து ஒவ்வொரு மணிக்கும் கூடையைத் திறந்து, மூடி, கடைசியில் திட்டிக்கொண்டே வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

நான் போய்ப் பார்த்த அன்று தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் புகார் செய்தார். யார் மேல் என்கிறீர்கள்? அந்தப் பையன் மேல்தான். "எல்லாப் புள்ளைங்களும் எழுந்திருக்குது மேடம். யாருக்காக மணி அடிக்கிறோமோ அவன் மட்டும் எழுந்திருக்க மாட்டேங்கறான்." போய்ப் பார்த்தேன். மணி அடிக்கும்போதெல்லாம் அவன் எதையாவது மும்முரமாகச் செய்துகொண்டிருந்தான், ஒரு ரப்பரை நாலாகப் பிளப்பதோ, நோட்டின் ஓரத்தில் லாரி வரைவதோ. காதில் மணியே விழவில்லை. மணி ஓய்ந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவன் எழுந்தான், அதற்கு டீச்சர் திட்டினார். அவன் சட்டத்தை மீறுகிறான் என்பது தலைமையாசிரியரின் கட்சி.

உத்தரவு போட்டால் பள்ளி உத்தரவைத்தான் கவனிக்கும், பிள்ளையைக் கவனிக்காது. இதை நான் எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை, அந்த மணியில்தான் படித்தேன்.

இனி பெரிய விஷயம். இது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம், இப்போது அவர்கள் எனக்கு நண்பர்கள்.

ஒரு நாள் காலையில் செல்வி என்று ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். செலியமேட்டுக்காரி. மெயின் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. அவளுடைய மகள் தர்ஷினி அந்தத் தனியார் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, கவனக்குறைபாடும் துறுதுறுப்பும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதற்கு முன்னால் இரண்டு பள்ளிகள் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கின்றன. இது மூன்றாவது. இங்கேதான் அந்தப் பெண்ணுக்கு முதல்முறையாக ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். இன்னொரு பள்ளிக்கு மாற்றினால் இனிமேல் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிட்டாளாம்.

"கூட யாருனா வந்து கிளாஸ்லியே குந்தணுமாம் மிஸ்," என்றாள் செல்வி. "இல்லாட்டி டி.சி. வாங்கிக்கணுமாம். நான் போயி குந்துனா கம்பெனில என்னை நிறுத்திடுவாங்க. எங்க வூட்ல என் சம்பளத்த நம்பித்தான் அடுப்பு எரியுது."

இப்போது யார் உட்காருகிறார்கள் என்று கேட்டேன். "அவருதான் குந்திகினு கீறாரு," என்றாள். புருஷன் உதவிக்கு வந்துவிட்டார் என்ற நிம்மதி அந்தக் குரலில் கொஞ்சம்கூட இல்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் பக்கத்தில் வீட்டு ஆளை உட்காரவை என்று கேட்க எந்தப் பள்ளிக்கும் உரிமை கிடையாது. எட்டாவது முடியும்வரை பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது, அடிக்கக் கூடாது, மனம் நோக நடத்தக் கூடாது. தனியார் பள்ளிக்கும் இது உண்டு. இந்த மூன்றுக்கும் சான்றிதழ் வேண்டாம். தேர்வில் கூடுதல் நேரம் கேட்பது போன்ற சிலவற்றுக்குத்தான் டாக்டர் காகிதம் தேவைப்படும். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் அட்டவணையில் ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, கவனக்குறைபாடு என்று தனியாக ஒரு வரி இல்லை. பள்ளிகள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் தேடிப் படித்து வைத்திருக்கும். மற்றப் பக்கங்களைப் புரட்டியிருக்காது. அதற்காக யாரும் உங்களிடம் வந்து, உங்கள் பிள்ளையை வெளியே அனுப்புகிறோம் என்று எழுதித் தரப்போவதில்லை. பெற்றோர் கையாலேயே 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் உங்கள் பையில் இருக்கும் இரண்டு சட்டமும் அந்த ஜிப்பைப் போலத்தான்.

அன்று நான் கிளம்பும்போதே எனக்குத் தலைக்குமேல் கோபம். ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் வெளியே அனுப்பாதே என்னும் பிரிவு பதினாறு, அடிக்காதே என்னும் பிரிவு பதினேழு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்காரர் ஒருவர் நான் அவரைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினார்.

பள்ளியின் முதல்வர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மடிப்புக் கலையாத காட்டன் புடவை, தீர்மானமான குரல். நான் பிரிவு பதினாறை எடுப்பதற்குள் அவர் கைகூப்பி, "மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்க்கையில் எந்தப் பள்ளியும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது கிடையாது.

"அந்தப் புள்ளைய அப்பறம் பாக்கலாம்," என்றார். "மொதல்ல அவங்கப்பாவ கிளாஸ விட்டு வெளிய அனுப்பறதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க."

தர்ஷினியின் அப்பா பெயர் ஏழுமலை. போர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். செலியமேட்டைச் சுற்றி அவர் கைபடாத மோட்டார் இல்லை. கைபட்டு முடிந்த மோட்டார் எத்தனை என்பதை ஊரில்தான் விசாரிக்க வேண்டும். பள்ளி கேட்டதற்காக அவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரத்தை முதல்வர் என்னிடம் கொட்டித் தீர்த்தார்.

கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வருகிறதாம், பாதிக்கு மேல் தப்பான பதில். நிலத்தடி நீர் பாடம் நடத்தியபோது எழுந்து நின்று பாகூர் முழுக்க எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று பீரியட் முடியும்வரை பேசினாராம். போன் வந்தால் "மோட்டார் ஓடலியா, தோ வரேன்" என்று எழுந்து போய்விடுவார், மகளைக் காவல் காக்க வந்தோம் என்பதையே மறந்து மத்தியானத்துக்கு மேல் திரும்பி வருவார். வரும்போது பின் பெஞ்சுப் பிள்ளைகளுக்குப் புளியங்காய் கொண்டுவருவார். எல்லாவற்றுக்கும் மேலே ஃபேன். வகுப்பறை ஃபேனில் கடகடவென்று சத்தம் வருகிறது என்று மேஜைமேல் ஏறி அதைக் கழற்றிவிட்டார். கழற்றியது போன வாரம். இறக்கைகள் இன்னும் டீச்சர் மேஜைமேல்தான் இருக்கின்றன. அந்தப் புழுக்கத்தில் நாற்பது பிள்ளைகளும் நோட்டால் விசிறிக்கொண்டு படிக்கிறார்கள்.

"மகள ஒருத்திய சமாளிக்க முடியலைன்னு தான் அப்பாவ வரச் சொன்னோம்," என்றார் முதல்வர். "இப்ப ரெண்டு பேரு."

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் வகுப்பைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் ஜன்னலோரம் நின்றேன். கணக்கு நடந்துகொண்டிருந்தது. வகுப்பு டீச்சர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத சின்னப் பெண். ஏழுமலை வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, முழங்கால் பெஞ்சில் இடிக்க இடிக்க உட்கார்ந்திருந்தார். ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. தர்ஷினி இரண்டாவது வரிசையில். இரட்டைச் சடை, ஒன்று அவிழ்ந்து கிடந்தது. அவளுடைய கால் ஆடவில்லை. அவளுக்கு அதற்கு நேரமே இல்லை. பின்னால் பெஞ்சு கிரீச்சிடும் ஒவ்வொரு தடவையும் திரும்பி, "அப்பா, குந்துப்பா," என்று அடிக்குரலில் சொல்வதே அவளுக்கு வேலையாக இருந்தது. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்த்து மூன்று வாரம் ஆகியிருக்கும். அவளுக்கு உதவி என்று பள்ளி செய்த ஏற்பாடு இது. அவமானத்தில் அந்தப் பிள்ளையின் காது சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுபோய் மனசு வலித்தது.

ஆனால் அந்தச் சின்ன டீச்சரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொன்று தோன்ற ஆரம்பித்தது. அவர் நடத்திக்கொண்டே, "அண்ணா, இந்த நோட்டெல்லாம் கொஞ்சம் குடுத்துட்டு வந்துடறீங்களா?" என்றார். ஏழுமலை துள்ளி எழுந்து எல்லா நோட்டையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்து உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கு டீச்சர் போர்டில் ஐந்து கணக்கு எழுதிப்போட்டார், ஏழுமலைக்கு மட்டும் துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கணக்கு. முடித்தால் அடுத்தது. அவர் பார்வை ஜன்னல் பக்கம் போனபோது பேர் சொல்லிக் கூப்பிடாமல், கடந்து போகிற சாக்கில் பெஞ்சில் லேசாக ஒரு தட்டு. இன்னும் ஐந்து நிமிஷம்தான் அண்ணா என்று முன்கூட்டியே ஒரு தகவல். போன வாரம் அவரைக் கடைசி பெஞ்சிலேயே கதவோரத்துக்கு மாற்றியதும் இவர்தானாம், வெளியே போய்வந்தால் பாடம் கெடாமல் இருக்கும் என்று.

யாரும் சொல்லிக்கொடுத்து அவர் இதைச் செய்யவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஆளை அடிக்க முடியாது. முட்டி போட வைக்க முடியாது. மக்கு என்று சொல்ல முடியாது. மரியாதையாகத்தான் பேசியாக வேண்டும். அந்த வழியெல்லாம் அடைபட்டுப் போனதால் வேறு வழி தானாகத் திறந்திருக்கிறது. நாம் பயிற்சியில் பக்கம் பக்கமாகப் படிக்கும் ஆதரவுத் திட்டம் முழுவதும் அந்தக் கடைசி பெஞ்சில் நடந்துகொண்டிருந்தது. என்ன, தப்பான ஆளுக்கு நடந்துகொண்டிருந்தது.

நான் பையின் ஜிப்பை மூடினேன், மூடிய வரைக்கும். அன்று பிரிவு பதினாறை எடுத்திருந்தால் எனக்கு ஓர் உத்தரவு கிடைத்திருக்கும், தர்ஷினிக்குப் 'புகார் கொடுத்த வீட்டுப் பிள்ளை' என்ற பட்டம் கிடைத்திருக்கும். மணி அடித்துக் கையைக் காலை உதறச் சொல்லியிருப்பார்கள்.

மத்தியானம் முதல்வர் அறையில் நால்வர் உட்கார்ந்தோம். முதல்வர், சின்ன டீச்சர், ஏழுமலை, நான். முதல்வர் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். நாற்பது பிள்ளைகள் படிக்கிற வகுப்பு, மற்றப் பெற்றோர் கேட்கிறார்கள், எங்களால் முடிந்தவரை பார்த்துவிட்டோம் என்றார். பிறகு டிராயரைத் திறந்து டைப் செய்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். சொந்தக் காரணங்களுக்காக என் மகளின் மாற்றுச் சான்றிதழைக் கேட்டுக்கொள்கிறேன். கீழே கையெழுத்துக்குக் கோடு. பக்கத்தில் அவருடைய பேனா.

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை பேனாவை எடுத்துவிட்டார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? ஊர்ல வேற ஸ்கூலா இல்ல? குடுங்க, போட்டுடறேன்," என்றார். முகம் ஜிவுஜிவு என்று ஆகிவிட்டது. மூன்று வாரமாகத் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? ரோஷம்.

அந்த நொடியைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச வந்தேன். பேனா காகிதத்துக்கு மேலே நிற்கிறது. அந்தக் கோட்டில் மை பட்டால், அப்பாவே கேட்டு வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி பள்ளிக்கூடத்தோடு அவளுக்கு உறவு முடிந்தாலும் முடிந்துவிடும். உங்களுக்கு வாய் துறுதுறுக்கும், கையெழுத்துப் போடாதீங்க என்று கத்தத் தோன்றும். கத்தியிருந்தால் அவர் இன்னும் வேகமாகப் போட்டிருப்பார். நான் அந்த மனிதரை அரை மணி நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தவள். பிரிவைச் சொல்லியிருந்தால் காதில் விழுந்திருக்காது. முதல்வரைத் திட்டியிருந்தால் ஏழுமலைக்குத் தெம்பு வந்து இரண்டு கையெழுத்தாகப் போட்டிருப்பார்.

"ஏழுமலை," என்றேன், "அந்த ஃபேன்ல சத்தம் பேரிங்லேருந்து வருதா, இல்ல மேல கொக்கியிலேருந்தா?"

பேனா நின்றது.

"பேரிங்கு இல்ல மிஸ்," என்றார். "எல்லாரும் அப்டித்தான் நெனைக்கிறாங்க. கொக்கியில ரப்பர் புஷ் தேஞ்சி போயிருக்குது. புது புஷ் வாங்கியாந்துட்டேன், பையிலதான் கீது." சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். இருந்தது. அதைக் கையில் எடுத்த உடனே அவருடைய கண் மாறிவிட்டது. "இப்ப புள்ளைங்க சாப்பிடப் போயிருக்கும் இல்ல? இதான் மிஸ் நேரம்," என்று எழுந்து போயே போய்விட்டார். முதல்வரின் பேனா அவர் காதில் செருகியபடி போனது.

இது நேர்மையா என்று கேட்காதீர்கள். வேலைக்கு ஆனது.

மூன்று பேர் மட்டும் இருந்தோம். முதல்வர் காலியான நாற்காலியைப் பார்த்தார், கையெழுத்து விழாத காகிதத்தைப் பார்த்தார், பேனாவைத் தேடினார். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தீங்களா மேடம், இப்படித்தான் மூணு வாரமா," என்றார்.

பார்த்தேன், நீங்கள் மூன்று வாரமாக அவரை எவ்வளவு நன்றாகச் சமாளிக்கிறீர்கள் என்று பார்த்து அசந்து போனேன் என்றேன். நிஜமாகவே சொன்னேன். டீச்சர் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. முதல்வருக்கும் கொஞ்சம் பெருமைதான், தன் பள்ளி டீச்சர் அல்லவா. அந்தப் பெருமை ஆறுவதற்குள், இதையே தர்ஷினிக்குச் செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அவ சின்னப் புள்ள மேடம். சொன்னா கேக்கணும்," என்றார் முதல்வர்.

"நாப்பது வயசுல கேக்க முடியாத ஒருத்தருக்கு வழி கண்டுபிடிச்சீங்க. பத்து வயசுல எப்படிக் கேப்பா?"

அவர் விடவில்லை. படித்த பெண்மணி, நான் எதிர்பார்த்த இடத்துக்குச் சரியாக வந்தார். சட்டத்தின் பட்டியலில் இந்தக் குறைபாடு இல்லையே, நான் வக்கீலிடமே கேட்டுவிட்டேன் என்றார்.

"பட்டியல்ல ஏழுமலை பேரும் இல்லையே மேடம்," என்றேன். "கதவோரம் எடம் குடுத்தீங்க இல்ல?"

சின்ன டீச்சர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றப் பார்த்தார். சரியாக மாறவில்லை. முதல்வர் அவரை முறைத்தார், பிறகு அவருக்கே உதடு கோணியது. சட்டத்தை அப்போதுதான் எடுத்தேன். குரலை உயர்த்தாமல், டீ ஆறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னேன். வெளியே அனுப்பக் கூடாது என்பதற்குப் பட்டியல் தேவையில்லை. பெற்றோர் விருப்பம் என்று எழுதிய இந்தக் காகிதத்தை டைப் செய்தது யார் என்று மேலிடத்தில் கேட்டால், நான் இந்த அறையில் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரே டீச்சர் படும் பாடும் எனக்குத் தெரியும், அதனால் வாரம் ஒரு நாள் நான் வந்து வகுப்பில் கூட இருக்கிறேன். இவ்வளவுதான் சொன்னேன்.

அவர் அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். நான் ஜெயித்தேன் என்று நினைக்காதீர்கள். பாதி சட்டத்துக்காகப் போட்டார், பாதி அந்தச் சிரிப்புக்காக. அந்தப் பாதி இல்லாமல் இந்தப் பாதி வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு ஏற்பாட்டைப் பேசி முடிப்பது சுலபமாக இருந்தது. அப்பாவின் கதவோர இடம் மகளுக்கு. நோட்டுக் கொடுப்பது, சாக்பீஸ் வாங்கி வருவது அவள் பொறுப்பு. ஒரு நேரத்தில் ஒரு கணக்கு. பேர் சொல்லி அதட்டல் கிடையாது, பெஞ்சில் ஒரு தட்டு போதும். பள்ளித் தேர்வில் கொஞ்சம் கூடுதல் நேரம். வீட்டிலிருந்து யாரும் வந்து உட்கார வேண்டியதில்லை. முதல் மாதம் தடுமாற்றமாகத்தான் போனது, இரண்டு தடவை முதல்வர் எனக்குப் போன் செய்து கத்தினார். ஆனால் டி.சி. என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. தர்ஷினி இப்போது அதே பள்ளியில் எட்டாவது. தோழியும் கூடவே இருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து பேசிப் பேசி டீச்சரைக் கொல்கிறார்கள் என்பது புதுப் புகார், அது சாதாரணப் பிள்ளைகளின் புகார், எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அன்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாம் வகுப்பிலிருந்து "ஓ" என்று ஒரு பெரிய சத்தம். ஃபேன் சுற்றுகிறது. கடகட இல்லை. ஏழுமலை ஒரு வேலையை முடித்துவிட்டார்.

செல்விக்குப் போன் செய்து சொன்னேன். அவள் கம்பெனி இரைச்சலில் நின்றுகொண்டு அழுதாள். பிறகு சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஏழுமலையைப் பிடித்து, காதிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு, நல்ல செய்தியைச் சொன்னேன். தர்ஷினி இங்கேயே படிப்பாள், நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம், உங்கள் தொழிலைப் பார்க்கலாம். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லது மிஸ். அவ படிச்சா போதும்," என்றார். ஆனால் போகவில்லை. கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே நின்றார். இஸ்திரி போட்ட சட்டையிலும் கிரீஸ்.

"ஆறாவதுல பின்னம் நடத்தும்போதுதான் என்னை டி.சி. குடுத்து அனுப்புனாங்க," என்றார். "அன்னியிலேருந்து எனக்கு பின்னம்னாலே ஆவாது. இங்க இந்த டீச்சர் போன வாரம்தான் பின்னம் ஆரமிச்சாங்க. நேத்துதான் கொஞ்சம் புடிபட்டுச்சி. அதுக்குள்ளாற மறுக்கா அனுப்பிட்டீங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை. அவர் ஆறாவது படித்த காலத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது, வந்தபோது அவருக்கு வயது தாண்டிவிட்டது. எனக்குத் தெரிந்த பிரிவுகள் எல்லாவற்றையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை.

பின்னத்தில் எது புரியவில்லை என்று கேட்டேன்.

"கீழ இருக்கிற நம்பரு பெருசாவப் பெருசாவ, இன்னாத்துக்கு மிஸ் அது சின்னதாவுது?"

அங்கேயே சிமெண்ட் திட்டில் உட்கார்ந்தேன். அவரும் குந்தினார். ஒரு கரும்பு இருக்கிறது, இரண்டு பேருக்கு வெட்டினால் ஆளுக்கு எவ்வளவு வரும், எட்டுப் பேருக்கு வெட்டினால் எவ்வளவு வரும் என்று ஆரம்பித்தேன். எட்டுப் பேருக்கு வருவதற்குள் அவர் பார்வை என் ஸ்கூட்டி பக்கம் போனது. எழுந்து போனார். ஆடிக்கொண்டிருந்த கண்ணாடியை ஸ்பேனர் எடுத்துத் திருகினார், தள்ளி நின்று பார்த்தார், இன்னும் கொஞ்சம் திருகினார். நான் கூப்பிடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

அவரே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மிஸ்," என்றார், "உட்ட எடத்துலேருந்து."